கே.எல். ஜாமில் ஆபீஸ் போய் வர பிக்கப் வண்டி தேவையா?

வாணி_செத்தாப்பாக்

வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் வாசிக்க மட்டும் வருகிறவள். இன்று ஒரு வீட்டுப் பஞ்சாயத்தோடு வந்திருக்கிறேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டு வாசலில், பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி நிற்கிறது. தோட்டம் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வங்கியில் வேலை, எதிர் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், மூலை வீட்டுக்காரர் காப்புறுதி விற்கிறார். மூலை வீட்டுக்காரரின் பின்தொட்டியில் நான் பார்த்த ஒரே சரக்கு, தீபாவளிக்கு வாங்கி வந்த குளிர்பானப் பெட்டிகள். இப்போது என் வீட்டுக்காரருக்கும் ஆசை பிடித்துவிட்டது. அவர் ஆபீஸ் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில். போக ஜாம், வர ஜாம். சனி ஞாயிறு சந்தை, கோயில். டுரியான் காலத்தில் பெந்தோங் பக்கம். இருக்கிற பழைய செடானைக் கொடுத்துவிட்டு ஒன்றரை லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) இரண்டு வரிசை இருக்கை உள்ள ஒரு டபுள் கேப் பிக்கப் எடுக்கலாம், 9 வருடக் கடன் போடலாம் என்கிறார்.

கான்ட்ராக்டர்கள், விவசாயிகள், சபா சரவாக் மண் பாதையில் ஓட்டுகிறவர்கள் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. வீடு, ஆபீஸ், வீடு என்று ஓட்டுகிற நமக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு? வைத்திருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரரும் இதை வாசிப்பார், அதனால் யாரும் திட்ட வேண்டாம்.

டீசல்தாசன்

தங்கச்சி, குளிர்பானப் பெட்டியைச் சொல்லி ஆரம்பத்திலேயே எங்களை வாரிவிட்டீர்கள், பரவாயில்லை.

எனக்கு ஷா ஆலமில் வீடு, வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். படகுக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் முதலில் உள்ளே இறங்கியவர்கள் யார்? நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டிக்காரர்கள். பின்தொட்டியில் பாட்டி, தாத்தா, கைக்குழந்தை, பூனைக் கூண்டு என்று ஏற்றிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றைக்கு யாரும் "உங்களுக்கு இந்த வண்டி தேவையா" என்று கேட்கவில்லை.

அது போக, எனக்குத் தெலுக் இந்தானில் மாமியார் வீடு. மழை பெய்தால் அந்தப் பாதையில் செடானின் அடிப்பாகம் உரசும். கோயில் திருவிழாவுக்கு நாற்காலி, பந்தல் கம்பி, வாழைமரம் எல்லாம் என் வண்டியில்தான் போகிறது. உயரத்தில் உட்கார்ந்தால் நாலு கார் தாண்டி ரோடு தெரியும். விற்கப் போனாலும் நல்ல விலை கிடைக்கும். டோலும் காருக்கு உள்ள அதே கிளாஸ் 1 கட்டணம்தான். இன்னும் என்ன வேண்டும்?

கணக்கப்பிள்ளை

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வெள்ளிக் காசைப் பார்ப்போம்.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் ஏறவில்லை. 80 லிட்டர் தொட்டியை நிரப்ப அதற்கு முந்தைய நாள் வரை 172 வெள்ளி, அன்றிலிருந்து 268 வெள்ளி. "டீசல்தானே, மலிவு" என்று எடுத்தவர்களின் கணக்கு ஒரே நாளில் மாறிப்போனது. பிறகு வாரா வாரம் ஏறி இறங்கி, மூன்று வெள்ளிக்குக் கீழே வந்த வாரங்களும் உண்டு. பெட்ரோல் பக்கம் 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 என்ற மானியத் திட்டம் வந்து, குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99 வெள்ளி ஆனது.

வாணியின் வீட்டுக்காரர் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைப்போம். கே.எல். ஜாமில் பிக்கப் லிட்டருக்கு 9 கி.மீ. கொடுத்தால் 133 லிட்டர், டீசல் 3 வெள்ளி என்று போட்டால் சுமார் 400. மைவி என்ற சின்ன பெட்ரோல் கார் அதே ஜாமில் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் 86 லிட்டர், 1.99 விலையில் 171 வெள்ளி. மாதம் 229 வெள்ளி வித்தியாசம்.

ஆனால் புடி மடானி என்று டீசல் வண்டி வைத்திருக்கும் தனியாருக்கு மாதம் 200 வெள்ளி உதவி அறிவித்தார்களே, அது கிடைத்தால் வித்தியாசம் ஏறக்குறைய கரைந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.

சரி, அப்படியானால் காசு எங்கே போகிறது? கடனில். 1,50,000 வண்டிக்கு 10 விழுக்காடு முன்பணம் போக 1,35,000 கடன். பழைய பாணி நிலையான வட்டி 3 விழுக்காடு, 9 வருடம் என்று வைத்தால் மாதம் 1,587 வெள்ளி வரும். 55,000 வெள்ளி மைவிக்கு அதே கணக்கில் 582. மாதா மாதம் ஆயிரம் வெள்ளி வித்தியாசம், 108 மாதங்களுக்கு. எண்ணெய் குடிக்கும் வண்டி என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். அதைவிட நாலைந்து மடங்கு வங்கி குடிக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று. அந்த 200 வெள்ளி உதவிக்கு, கணவன் மனைவி வருமானம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. மாதம் 8,300 வெள்ளிக்குள் குடும்பம் நடத்துகிறவர் 1,587 வெள்ளியை வண்டிக்கு எடுத்து வைப்பது நல்லதா என்று நீங்களே பாருங்கள்.

டீசல்தாசன்

கணக்கு சரி ஐயா. ஒன்றரை லட்ச பிக்கப்புக்கு எதிரே மைவியை வைத்தால் எது ஜெயிக்கும்? அதே விலை எஸ்.யூ.வி.யை வைத்துப் பாருங்கள், வங்கிக்குப் போகிற காசு ஒன்றுதான்.

கணக்கப்பிள்ளை

நியாயம். ஆனால் வாணி எஸ்.யூ.வி. கேட்கவில்லையே. ஏற்கெனவே செடானில் போய் வருகிற குடும்பம் அது.

ராஜன்_64

இந்த விவாதம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நான் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். தோட்ட மேலாளரான துரைக்கு மட்டும் லேண்ட் ரோவர், வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டக்டருக்கு மோட்டார் சைக்கிள், எங்களுக்குச் சைக்கிள். மழை பெய்தால் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டி நோண்டி எடுப்போம். அந்தப் பாதையில் துரையின் வண்டி மட்டும் போகும். அதற்காகச் செய்த வண்டி அது.

இன்றைக்கும் சொந்தமாகச் செம்பனை வைத்திருக்கிற சிறுதோட்டக்காரர்கள் பிக்கப் இல்லாமல் என்ன செய்வார்கள்? ஒரு குலை 20 கிலோ இருக்கும். அறுத்துப் போட்டதை உடனே ஆலைக்குக் கொண்டு போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும், விலையும் போய்விடும். கேமரன் மலைக்குப் போங்கள், கீரைக் கூடை ஏற்றிக்கொண்டு நிற்கும் வண்டிகளில் பெயின்ட் என்று ஒன்று இருந்த அடையாளமே இருக்காது.

நான் வேலை பார்த்த தோட்டம் இப்போது தாமான் ஆகிவிட்டது. மண் பாதை எல்லாம் தார் ரோடு. மண் பாதை இருந்த காலத்தில் அங்கே ஃபோர் வீல் ஒன்றே ஒன்று. தார் போட்ட பிறகு வீட்டுக்கு ஒன்று. யாராவது எனக்கு இதை விளக்குங்கள்.

முன்னாள்_ஹூஸ்டன்

ராஜன் ஐயா, நான் விளக்கப் பார்க்கிறேன். சில வருடம் டெக்சாஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது பங்சாரில் இருக்கிறேன். அங்கே இதே கேள்வியைப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1960களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல் இறக்குமதி லைட் டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. கோழிச் சண்டை என்றோ முடிந்துபோனது, டிரக் வரி நிலைத்துவிட்டது. வெளிநாட்டுச் சின்ன பிக்கப்கள் உள்ளே வருவது கஷ்டமானது. அடுத்து 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் கார்களுக்கு ஒரு கண்டிப்பு, டிரக்குகளுக்குத் தளர்வு. பிற்பாடு சக்கரங்களுக்கு இடையே உள்ள பரப்பளவை வைத்து இலக்கை நிர்ணயித்தார்கள். வண்டி பெரிதானால் இலக்கு லேசாகும். கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? பெரிதாக்கிக்கொண்டே போனான். லாபமும் அதில்தான் அதிகம். அங்கே ஃபோர்டு எஃப்-150 டபுள் கேப் கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நீளம், கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீட்டருக்கு மேல் அகலம். ஃபோர்டின் எஃப் வரிசை 1977இலிருந்து அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக். இத்தனைக்கும் 2019இல் வெளிவந்த ஒரு கருத்தாய்வில், நாலில் மூன்று டிரக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் எதையாவது இழுத்துச் செல்கிறார்கள் என்று வந்தது. மூன்றில் ஒருவர் பின்தொட்டியைக்கூட அந்த அளவுக்குத்தான் பயன்படுத்துகிறார்.

நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பயணிகள் காருக்குக் கலால் வரி 60 முதல் 105 விழுக்காடு. பிக்கப் வணிக வாகனக் கணக்கில் வருவதால் அந்தச் சுமை அதன் தலையில் இல்லை. ஹைலக்ஸ் பிக்கப்பும் ஃபார்ச்சூனர் எஸ்.யூ.வி.யும் ஒரே அடித்தளத்தில் கட்டியவை. விலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும். ஒன்றரை லட்சத்துக்குள் இரண்டு டன் எடை, டர்போ டீசல், ஃபோர் வீல், தோல் இருக்கை எல்லாம் வேண்டுமென்றால் பிக்கப்பைத் தவிர வேறு வழியில்லை. ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: தார் ரோடு வந்ததால் யாரும் பிக்கப் வாங்கவில்லை, வரிச் சலுகை இருப்பதால் வாங்குகிறார்கள். விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும் என்று கொடுத்த சலுகையில் வங்கி அதிகாரியும் காப்புறுதி ஏஜென்டும் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, கதவு திறந்திருந்தது.

ஜெலுத்தோங்_பையன்

பார்க்கிங் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நம் ஊர்க் கட்டங்கள் பெரும்பாலும் 5 மீட்டர் சுமாருக்குத்தான் நீளம். ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் 5.37 மீட்டர். எங்கள் ஃபிளாட்டில் அந்த மூக்கைச் சுற்றித்தான் எல்லாரும் ஓட்டுகிறோம்.

தண்ணீர்மலையான்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். கே.எல். காரர்களுக்காவது நெடுஞ்சாலை இருக்கிறது. ஜார்ஜ்டவுனுக்குள் வந்து பாருங்கள்.

போன வாரம் லெபோ பாசார் பக்கம் ஒரு சந்தில் நடந்த கூத்து. ஒரு புத்தம் புது பிக்கப், பக்கவாட்டில் படிக்கட்டு, கூரையில் விளக்கு வரிசை, எல்லாம் உண்டு. எதிரே காய்கறி லோரி நிற்கிறது, இவர் பின்னால் போயாக வேண்டும். ஒரு பக்கம் ஐந்தடி நடைபாதையின் தூண், மறுபக்கம் பூக்கடை மேசை. பூக்கார அம்மா மல்லிகைத் தட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியின் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டார். "வா வா, இன்னும் ஒரு முழம் இருக்கு" என்று பூ அளக்கும் அதே கணக்கில் வழி சொன்னார். பின்னால் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். ஓட்டுநர் இறங்கி வந்து சிரித்தார், நல்ல மனிதர். என்ன வாங்க வந்தார் தெரியுமா? ஒரு பொட்டலம் முறுக்கு.

மைவி 1.735 மீட்டர் அகலம், ரேஞ்சர் 1.918. பேப்பரில் 18 சென்டிமீட்டர்தான். அந்தச் சந்தில் அதுதான் எல்லாம். பாலிக் பூலாவ் மலைப்பாதையிலும் அப்படித்தான், வளைவில் எதிரே ஒரு பிக்கப் வந்தால் நான் நின்றுவிடுவேன்.

தைப்பூசத்துக்கு எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவுக்கு நிறைய சாமான் போகும். ஒரு டன் லோரியை நாள் வாடகைக்கு எடுக்கிறோம். பிக்கப்பாக இருந்தால் மூன்று நடை போக வேண்டியது ஒரே நடையில் முடிகிறது. திருவிழா வருடத்துக்கு ஒரு தடவை. அதற்காக 365 நாளும் ஒரு தொட்டியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரிய வேண்டுமா?

டீசல்தாசன்

பினாங்கு அண்ணே, 2017 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் ஊரில் எத்தனை மைவி மிதந்தது? அதையும் எழுதுங்கள்.

தண்ணீர்மலையான்

மிதந்தது, மறுக்கவில்லை. அந்த வெள்ளத்தில் பிக்கப்பும் நின்றது. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்குத் தொட்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பட்டறை_குமார்

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கிறேன். பிக்கப் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் இரண்டு பக்கமும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வெள்ளம். ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர் தண்ணீர் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. அது ஓடாத தண்ணீரில் மெதுவாகப் போனால். ரோட்டில் நம் முழங்கால் அளவு தண்ணீரில் செடான் படுத்துவிடும், பிக்கப் வந்துவிடும். அது உண்மை. ஆனால் ஸ்ரீ மூடாவில் பல சந்துகளில் தண்ணீர் ஆள் உயரத்தைத் தாண்டியது, அங்கே படகைத் தவிர எதுவும் போகவில்லை. ஓடும் தண்ணீரில் இரண்டு டன் வண்டியையும் வெள்ளம் தள்ளும். உயரமான வண்டி என்ற தைரியத்தில் இறங்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்து, கனெக்டிங் ராடு வளைந்து என் பட்டறைக்கு வந்த வண்டிகள் உண்டு.

அடுத்தது டி.பி.எஃப். வாணி அக்கா, இதை உங்கள் வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள். புது டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது, அதுதான் டி.பி.எஃப். அது நிறைந்ததும் வண்டி தானே கூடுதல் டீசலை எரித்துச் சூடேற்றிக் கரியைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். செத்தாப்பாக்கிலிருந்து அம்பாங் வரை ஊர்ந்து போய், இன்ஜின் நன்றாகச் சூடாகும் முன்பே நிறுத்தினால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். திரும்பத் திரும்ப அப்படி நடந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், மோந்தால் டீசல் வாடை. எனக்கு வரும் டி.பி.எஃப். கேஸ்களில் பெரும்பாலானவை ஆபீஸ் போகிற வண்டிகள். ஈப்போ, குவாந்தான் என்று ஓடுகிற வண்டிகளுக்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட கிடையாது. கடினமான வேலைக்குச் செய்த வண்டி சும்மா ஊர்ந்தால்தான் நோயில் விழுகிறது.

பின் சஸ்பென்ஷன் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங், ஒரு டன் பாரம் சுமக்கச் செய்தது. தொட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் துள்ளும். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிடம் ரோட்டில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கும், அப்போது கராக் நெடுஞ்சாலை வளைவில் காலித் தொட்டியோடு வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் வழுக்கப் பார்க்கும். எலெக்ட்ரானிக் உதவி இருக்கிறது, ஆனாலும் ரப்பர் ரப்பர்தான். "ஃபோர் வீல் போட்டுக்கொள்கிறேன்" என்பார்கள். பெரும்பாலான பிக்கப்களில் உள்ள சாதாரண பார்ட் டைம் ஃபோர் வீலைக் காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும், நடுவில் அதைச் சரிசெய்ய டிஃபரன்ஷியல் கிடையாது, கியர்கள் முறுக்கிக்கொள்ளும். இதெல்லாம் வண்டியின் குறை இல்லை. அதை வேறு வேலைக்குச் செய்தார்கள், நாம் வேறு வேலைக்கு ஓட்டுகிறோம்.

இரவுப்பணி

கே.எல்.லில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விவரம் எழுத மாட்டேன்.

மலேசியாவில் சாலையில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள். ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்க சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி பாதசாரி மேல் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து சரிவாகவும் இருக்கும் காரைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம். தாழ்ந்த கார் காலில் இடித்து ஆளை பானெட் மேல் சாய்க்கும். உயரமான வண்டி நெஞ்சிலும் இடுப்பிலும் இடித்துக் கீழே தள்ளும்.

"உயரத்தில் உட்கார்ந்தால் ரோடு தெரியும்" என்றீர்கள். தூரத்து ரோடு தெரியும். உங்கள் பம்பருக்குப் பக்கத்தில் நிற்கிற ஐந்து வயதுப் பிள்ளை தெரியாது. கேமரா இருக்கிறது என்பீர்கள். சரி, கேமராவைப் பார்த்துத்தான் எப்போதும் எடுக்கிறீர்களா?

டீசல்தாசன்

தங்கச்சி, நான் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆனால் லோரிக்காரன், பஸ்காரன், ஃபோன் பார்த்துக்கொண்டு ஓட்டும் மைவிக்காரன் எல்லாரையும் விட்டுவிட்டு எங்களை மட்டும் கொலைகாரன் ஆக்காதீர்கள். என் பிள்ளைகள் வண்டிக்குள் இருக்கிறார்கள். ஃபெடரல் ஹைவேயில் பக்கத்தில் பத்து சக்கர லோரி போகும்போது எனக்கு இரண்டு டன் இரும்பு சுற்றி இருக்க வேண்டும்.

இரவுப்பணி

உங்கள் பயம் புரிகிறது அண்ணே. அதே பயத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்று வாங்குவார். மோட்டார் சைக்கிளில் போகிற பையன் எதை வாங்குவான்?

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பிராண்டு சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. யாருடைய வண்டியையும் அவருடைய ஆண்மையோடு சேர்த்துப் பேச வேண்டாம்.

சமையல்கட்டு_கிள்ளான்

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். பாரம் ஏற்றுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கே பிக்கப் சரிப்படவில்லை!

தொட்டியின் கதவைக் கீழே இறக்கினாலும் அது என் இடுப்புக்கு மேலே இருக்கிறது. 300 பேருக்கு ஆக்கிய பிரியாணி அண்டாவை இரண்டு பையன்கள் அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். சூடு, ஆவி, பிடி வழுக்கும். ஒருவன் தொட்டி மேல் ஏறி நின்று இழுப்பான். உள்ளே சக்கர மேடுகள் துருத்திக்கொண்டிருக்கும், அண்டா நேராக உட்காராது. மேலே திறந்த வானம், மூன்று மணி மழை நமக்குத் தெரிந்ததுதானே. கூண்டு போட்டால் உள்ளே குனிந்து நிற்க முதுகு போய்விடும். இப்போது ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறோம், டைஹாட்சு கிரான் மேக்ஸ். தரை தாழ்வு, பக்கக் கதவு சறுக்கித் திறக்கும், பூட்டிவிட்டுப் போகலாம். 1.5 பெட்ரோல். அழகாக இருக்காது, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சோறு சிந்தாமல் மண்டபம் போய்ச் சேருகிறது.

டபுள் கேப் என்பது ஆளுக்கும் முழுசு இல்லை, சரக்குக்கும் முழுசு இல்லை. செங்கல், மணல், ஜெனரேட்டர், நெளிந்த தகரம், சேறு பிடித்த சாமான், இதை எல்லாம் வாரத்தில் பாதி நாள் ஏற்றுகிறவர், கூடவே நாலு வேலையாட்களையும் மண் பாதையில் கூட்டிப் போகிறவர், அவருக்கு அதுக்கு மாற்று கிடையாது.

இளையவன்_பூச்சோங்

நான் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிட்சுபிஷி ட்ரைட்டன் பிக்கப் பிடிக்கும். தொட்டியில் எதுவும் ஏற்ற மாட்டேன், காட்டுக்கும் போக மாட்டேன். பிடிக்கும், அவ்வளவுதான். எங்கள் அப்பா லோரி ஓட்டியவர், சின்ன வயதில் அந்த உயரத்தில் உட்கார்ந்து போன சுகம் மறக்கவில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் "தேவையா" என்கிறீர்கள். 90 வெள்ளிக்குச் சப்பாத்து போதும், 600 வெள்ளிக்கு வாங்குகிறவனை யாரும் இழையில் போட்டு விசாரிப்பதில்லையே.

முன்னாள்_ஹூஸ்டன்

உன் பதில் எனக்குப் பிடித்தது தம்பி. ஆசை என்று சொல்லிவிட்டால் வாதமே இல்லை. வெள்ளம், கோயில், மாமியார் ஊர் என்று ஆசைக்குக் காரணம் தேடும்போதுதான் கணக்கு இடிக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், உன் சப்பாத்துக்கு மற்றவர்கள் வரியில் விலக்கு கொடுக்கவில்லை, அது பொது ரோட்டில் இடமும் பிடிக்கவில்லை. பாரிஸில் 2024 பிப்ரவரியில் கனமான கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள். 54 விழுக்காட்டுக்கு மேல் ஆமாம் என்றார்கள். வாக்களிக்க வந்தது நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை என்பது வேறு கதை. என் கருத்து, பிக்கப்பைத் தடை செய்ய வேண்டியதில்லை. தொழிலுக்கு என்று பதிவு செய்கிறவருக்குச் சலுகை இருக்கட்டும். தோல் இருக்கை போட்டு ஆபீஸ் போகிறவர் காருக்குரிய வரியைக் கட்டட்டும். அதற்குப் பிறகும் வாங்கினால், தாராளமாக ஓட்டட்டும்.

டீசல்தாசன்

அப்போது கிள்ளானில் சின்னக் கடை வைத்துக்கொண்டு, அதே வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் விடுகிறவன் எந்தப் பக்கம்? அவனிடம் ஒரே வண்டிதான். பாரத்தை யார் எண்ணுவது? சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அதிகாரி தொட்டியை எட்டிப் பார்ப்பாரா? சொல்வது சுலபம்.

கணக்கப்பிள்ளை

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கம்பெனி பெயரில், நிறுவனப் பதிவோடு இருந்தால் சலுகை என்று வைத்தால் பத்தில் ஒன்பது பேர் நாளைக்கே ஒரு கம்பெனி திறந்துவிடுவார்கள், நம் ஆட்களைத் தெரியாதா. ஆனால் வாணியின் கேள்விக்கு அரசாங்கக் கொள்கை தேவையில்லை. வருடத்தில் சோபா மாற்றும் நாள், டுரியான் நாள், கோயில் நாள் எல்லாம் சேர்த்து லாலாமூவ் என்ற வாடகை வண்டிச் சேவையில் ஒரு பிக்கப்பையோ வேனையோ கூப்பிட்டால் ஆகும் செலவு ஒரு மாதத் தவணையைத் தாண்டாது.

வாணி_செத்தாப்பாக்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாளாக இருவரும் சேர்ந்து வாசித்தோம். டீசல்தாசன் அண்ணன் பதிவு வரும்போதெல்லாம் அவர் சத்தமாகப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனோம், அத்தையையும் கூட்டிக்கொண்டு. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பக்கப்படியில் ஒரு கால் வைத்தார், உள்ளே இருக்கும் கைப்பிடியை எட்ட முடியவில்லை. விற்பனைப் பையன் கை கொடுத்தான், புடவைக் கொசுவம் படியில் மாட்டியது. மூன்றாவது தடவை, "நீங்க சுத்திட்டு வாங்கப்பா, நான் இங்கேயே ஏர்கோன்ல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். வாராவாரம் பத்துமலைக்கும் கிளினிக்குக்கும் அவரைக் கூட்டிப் போவது என் வேலை. கலால் வரி, டி.பி.எஃப். எதுவும் அசைக்காத என் வீட்டுக்காரரை அது கொஞ்சம் அசைத்திருக்கிறது. முடிவு இன்னும் எடுக்கவில்லை. புதுசு வேண்டாம், பழையதாக ஒன்று மலிவாகப் பார்க்கலாமா என்று இப்போது புதுப் பாட்டு ஆரம்பித்திருக்கிறார். குமார் அண்ணே, பழைய பிக்கப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டறை_குமார்

நல்ல கேள்வி அக்கா. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றாமல் விலை பேசாதீர்கள். அடியில் ஏணிச் சட்டத்தைப் பாருங்கள், குறிப்பாகப் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம். துரு இருக்கலாம், வெல்டிங் வைத்த தழும்பு இருக்கக் கூடாது. புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். தொட்டிக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால் அதைத் தூக்கச் சொல்லுங்கள், முன் ஓனர் என்ன சுமந்தார் என்று அடியில் எழுதியிருக்கும்.

காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் நான் மேலே சொன்ன கதை. ஸ்கேனர் மாட்டி டி.பி.எஃப். நிலவரம் பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டரையே வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்த வண்டிகளும் சந்தையில் ஓடுகின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள். புல் தரையிலோ மண்ணிலோ நிறுத்தி ஃபோர் வீலும், லோ கியரும் விழுகிறதா பாருங்கள். ஆபீஸ் வண்டிகளில் அதை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், உள்ளே இறுகிப்போயிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். தரை விரிப்பை எல்லாரும் கழுவுவார்கள், பெல்ட்டின் அடி மூலையில் இருக்கும் சேற்றுக் கோட்டைக் கழுவ மறந்துவிடுவார்கள். சனிக்கிழமை மதியம் வரை பட்டறையில் இருப்பேன், வண்டியைக் கொண்டு வாருங்கள். அத்தையையும் கூட்டி வாருங்கள், நாற்காலி இருக்கிறது.